குளிர்ந்த மூலை

பல்லாரட்
ஜூன் 8

அன்புள்ள நெவில்,

நான் நலம். நீயும் உன் முழங்காலும் எப்படி? தொலைபேசியில் நீ பேசுவது எனக்குப் பாதிதான் காதில் விழுகிறது. மீதியை நானே இட்டு நிரப்பிக்கொள்கிறேன். அது நம் இருவருக்குமே நல்லதில்லை. ஆகவே கடிதம்.

இடுப்பு எலும்பு கூடிவருகிறது. இன்று நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இந்த முதியோர் இல்லத்து உணவறை வரை போனேன். இந்த ஜூன் குளிர் போய் வசந்தம் வந்ததும் கிரெஸ்விக்கில் என் வீட்டு எலுமிச்சை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன் என்று செவிலி காலீனிடம் சொன்னேன். "ஆகட்டும் டீச்சர், மொதல்ல அந்தக் கஞ்சியக் குடிங்க" என்றாள்.

நான் திரும்பும்வரை இன்ஸ்பெக்டரை வைத்துக்கொள்ள நீ ஒப்புக்கொண்டது பெரிய மனசு. மாடு வளர்த்தவனுக்கு மலைப்பாம்பு புதுசுதான். அவன் உன்னிடம் குற்றம் கண்டுபிடிப்பதாக நினைக்காதே. பின்வரிசையில் வந்து உட்காரும் கல்வி அதிகாரியைப் போல இமைக்காமல் பார்ப்பான், அதனால்தான் அந்தப் பெயர். பாவம், அவனுக்கு இமையே கிடையாது.

சூட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அம்மாவின் சமையலறையை நினைத்துக்கொள். கை விறைத்தால் அடுப்பண்டை போவோம். கன்னம் காந்தினால் பின்கதவுப் பக்கம் நகர்வோம். பாம்பும் அவ்வளவுதான். அதன் உடம்புக்குள் அடுப்பு இல்லை, இடம் மாறித்தான் சூடும் குளிரும் தேடிக்கொள்ளும். அவன் கண்ணாடிப் பெட்டியின் ஒரு முனை முப்பத்திரண்டு டிகிரி இருந்தால் மறுமுனை இருபத்துநாலுக்கு மேல் போகக்கூடாது.

இதற்கு வேண்டிய சாமான்கள் என் வீட்டுச் சலவை அறை அலமாரியில், நீல பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன: சூடு ஏறினால் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட், விளக்குக்கு மாட்டும் கம்பிக்கூடு, வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தரும் பீங்கான் ஹீட்டர். அந்த டப்பாவை எட்டப்போய்த்தான் நாற்காலியிலிருந்து விழுந்தேன். நீ உயரமானவன், நின்றபடியே எடுக்கலாம். போகும்போது எலுமிச்சை காய்த்திருந்தால் பறித்துக்கொள்.

உன் அக்கா,
மெர்ல்


கோலாக்
ஜூன் 19

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியே இருக்கிறது, மழை வருமுன் சொல்லிவிடுகிறது.

உன் இன்ஸ்பெக்டர் சமையலறையில் இருக்கிறான். பக்கத்துப் பண்ணைக்காரி டாட், ஸ்கோன் ரொட்டி கொண்டுவந்தவள், அவனைப் பார்த்துத் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏன் நெவில், பொண்டாட்டி போய் ஏழு வருஷம் ஆச்சு, துணைக்கு இதுதான் கெடச்சுதா?" என்றாள். "இது பேசாது, அதுவே பெரிய நிம்மதி" என்றேன். ஸ்கோனை வேலிக்கம்பத்தின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கிரெஸ்விக் பக்கம் போக முடியவில்லை. சாலையெல்லாம் பனி உறைந்து கிடக்கிறது. அடுத்த வாரம் பார்க்கிறேன். அதுவரை கவலைப்படாதே, கன்றுக்கொட்டகையிலிருந்து பெரிய சிவப்பு விளக்கைக் கொண்டுவந்து பெட்டிக்குள் தொங்கவிட்டிருக்கிறேன். எத்தனை ஈரக் கன்றுகளை அந்த விளக்கு பிழைக்க வைத்திருக்கிறது, உனக்கே தெரியும். ராத்திரி பகல் எரிகிறது. பெட்டியில் மூலை முடுக்கெல்லாம் ஒரே கதகதப்பு. அரசன் மாதிரி இருக்கிறான்.

நீயும் அங்கே கதகதப்பாக இருக்கிறாய் அல்லவா? அதுதான் எனக்கு வேண்டும்.

நெவில்


பல்லாரட்
ஜூன் 26

அன்புள்ள நெவில்,

உன் கடிதத்தைப் படித்து டாட்டை நினைத்துச் சிரித்தேன், இன்ஸ்பெக்டருக்காகக் கொஞ்சம் பயந்தேன். கோபமில்லை. சொன்னதைத் தப்பாகச் செய்யும் பையனைவிட, தெரிந்த இன்னொன்றை மிக நன்றாகச் செய்துவிடும் பையனுக்குத்தான் திருத்திச் சொல்வது கஷ்டம்.

கன்று எங்கே கிடந்தாலும் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், நீ கொஞ்சம் கைகொடுத்தால் போதும். தாங்காவிட்டால் எழுந்து தள்ளிப்போய்ப் படுக்கும். பெட்டி முழுக்க ஒரே சூடாக இருந்தால் பாம்பு எங்கே போகும்? விளக்கில் கம்பிக்கூடும் இல்லை. அவன் அதையே போய்ச் சுற்றிக்கொள்வான். அடியில் வேகும்போதுகூடப் பாம்பு சட்டென்று விலகாது நெவில், அதுதான் ஆபத்து.

அப்புறம், இரவில் வெளிச்சம் வேண்டாம். சிவப்பும் வேண்டாம். இங்கே என் கட்டிலுக்கு மேல் ஒரு விளக்கு இருக்கிறது, விழுந்து வந்தவர்களின் அறையில் அதை அணைப்பதில்லை. எனக்கு இமை இருந்தும் தூக்கமில்லை. காலீனிடம் கேட்டேன். "வீட்டுக்காரங்க வேணாம்னு சொன்னாத்தான் அணைக்க முடியும் டீச்சர். உங்க தம்பிதான் 'எப்பவும் எரியட்டும்'னு சொல்லிட்டுப் போனாரு" என்றாள். உனக்கு நினைவிருக்கிறதா?

ஹீட்டரும் என் கையில் இல்லை. அலுவலகத்திலிருந்து போடுகிறார்கள், எல்லா அறைக்கும் ஒரே சூடு. ஜன்னலைத் திறக்கலாமென்றால் அதைத் திருகாணி போட்டு மூடி, மேலே பெயிண்டும் அடித்திருக்கிறார்கள். சரி, கொஞ்ச நாள்தானே.

பனி விட்டதும் டப்பாவை எடுத்துவந்துவிடு.

உன் அக்கா,
மெர்ல்


கோலாக்
ஜூலை 10

அன்புள்ள அக்கா,

கோபித்துக்கொள்ளாதே. கிரெஸ்விக் போனேன். சாவி திரும்பவில்லை. பூட்டு துருப்பிடித்துவிட்டது போலிருக்கிறது. மழையில் நின்று போராடிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் சரியில்லை. எலியைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாள் முழுக்கப் பெட்டியின் ஒரே மூலையில் மூக்கை வைத்துத் தேய்க்கிறான். மூக்கு நுனியில் தோல் உரிந்து சிவந்துவிட்டது. பசியா? குளிரா? டாட் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "குளிர்ல வெறச்சுப் போச்சு, இன்னொரு வெளக்கு போடு" என்றாள். அந்தப் பக்கமும் ஒன்று மாட்டட்டுமா?

இரவு விளக்கைப் பற்றி எழுதியிருந்தாய். உன் நல்லதற்குத்தான் அக்கா. இருட்டில் நீ எழுந்து நடந்தால் என்ன ஆவது?

நெவில்


பல்லாரட்
ஜூலை 16

அன்புள்ள நெவில்,

இன்னொரு விளக்கு மாட்டாதே. இருப்பதையும் இன்றே கழற்று. இளஞ்சூடான வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, ஆற ஆற மாற்றி, ஒரு மூலையில் வைத்தால் அவன் ஒரு வாரம் தாங்குவான்.

அவனுக்குப் பசியும் இல்லை, குளிரும் இல்லை. குளிர்காலத்தில் இரண்டு மாதம் தின்னாமல்கூட இருப்பான், அது அவன் வழக்கம். மூக்கைத் தேய்ப்பது வேறு. வழி தேடுகிறான். கதவு எங்கோ இருக்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றுகிறது. கண்ணாடி என்று ஒன்று இருப்பது தெரியாது. அதனால் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டே இருக்கிறான். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. இந்த வாரம் ஜன்னல் விளிம்பைச் சுரண்டி என் நகம் ஒன்று உடைந்துவிட்டது.

நெவில், அந்தப் பூட்டு துருப்பிடிக்காது. போன கோடையில் நீயே பித்தளைப் பூட்டு வாங்கிவந்து, நீயே மாட்டினாய். நான் எலுமிச்சைச் சாறு போட்டுக் கொடுத்தேன், புளிப்பென்று முகம் சுளித்தாய். முதலில் பனி, அப்புறம் பூட்டு. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளை முப்பத்தைந்து வருஷம் பார்த்தவள் நான். 'நோட்டை நாய் தின்றுவிட்டது' என்பதற்கு முன்னால் எப்போதும் 'மழையில் நனைந்துவிட்டது' என்று ஒன்று வந்திருக்கும்.

ஒரே ஒரு கேள்வி. அதற்கு மட்டும் பதில் எழுது, போதும். நான் எழுந்து நடந்தால் போவதற்கு என் வீடு இருக்கிறதா?

உன் அக்கா,
மெர்ல்


கோலாக்
ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் இன்ஸ்பெக்டர் விளக்கைச் சுற்றிக்கொண்டான். வயிற்றில் என் உள்ளங்கை அகலத்துக்குச் செதில் கருகிவிட்டது. கோலாக்கில் மாட்டு வைத்தியர்தான் இருக்கிறார். ஜீலாங்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே வைத்தியம் பார்த்த சின்னப் பெண் மருந்து தடவிவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "இவ்வளவு சூடு எதுக்குப்பா வெச்சீங்க?" என்றாள். "பாசத்துல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பிழைத்துக்கொள்வான், தழும்பு இருக்கும் என்றாள்.

உன் கேள்விக்கு வருகிறேன். வீடு இல்லை அக்கா. மே மாதமே விற்றுவிட்டேன். மருத்துவமனையில் நீ எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை வைத்துத்தான் விற்றேன். ஒரு இளம் ஜோடி வாங்கியிருக்கிறது. இனி நீ தனியாக இருக்கமுடியாது என்று டாக்டர் சொன்னார். உன்னிடம் சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் பேனாவை எடுத்தேன், பாம்பைப் பற்றி எழுதி முடித்துவிட்டேன்.

உன் சாமான்கள் முழுக்க என் வைக்கோல் கொட்டகையில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. நீல டப்பா எதில் என்று எனக்கே தெரியவில்லை. உன்னைக் கேட்டால் உனக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் கன்று விளக்கு. ஜீலாங்கிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டித் தேடி எடுத்தேன். நீ எழுதியபடியே மாட்டியிருக்கிறேன். இப்போது ஒரு முனை சூடு, ஒரு முனை குளிர்ச்சி, ராத்திரியில் இருட்டு. நேற்று குளிர்ந்த பக்கம் போய்ச் சுருண்டு படுத்தவன் அசையவில்லை. மூக்கைத் தேய்க்கவில்லை.

அன்றைக்கு உன்னை அந்தச் சலவை அறைத் தரையில் கண்டவன் நான். ஒரு ராத்திரி முழுக்க ஈரத்தில் கிடந்திருக்கிறாய். உதடு நீலமாக இருந்தது. என் கோட்டைப் போட்டு, விரிப்பைப் போட்டு, கையில் கிடைத்ததையெல்லாம் போட்டும் உன் உடம்பில் சூடு ஏறவில்லை. இன்னொரு தடவை அப்படி உன்னைப் பார்க்க என்னால் ஆகாது. வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

நெவில்


பல்லாரட்
ஆகஸ்ட் 24

நெவில்,

மூன்று வாரம் எழுதாமல் இருந்தேன். திட்டுவதற்குச் சொல் கிடைக்கவில்லை என்பதில்லை, நிறையவே கிடைத்தன.

நீ என்னைக் கன்றுக்குட்டி என்று நினைத்துவிட்டாய். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. ஈரத்தில் கண்டாய், விளக்கின் கீழ் கொண்டுவந்து போட்டாய், அணைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ செய்த கெடுதல் எல்லாம் அன்பால் செய்தது என்பது எனக்குத் தெரியும். அதனால் அது குறைவாகச் சுடவில்லை.

வீட்டைப் பற்றி இனி எழுதாதே. அதை நான் உன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கவேண்டும். அந்த ஜோடி எலுமிச்சை மரத்தை வெட்டிவிட்டார்களா என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வா. வெட்டியிருந்தால் வெட்டிவிட்டார்கள் என்றே சொல். பனி, பூட்டு என்று ஆரம்பிக்காதே.

இன்ஸ்பெக்டர் உன்னிடமே இருக்கட்டும். ஒரு தரம் கற்றுக்கொண்டுவிட்டாய், அவனுக்கு இனிப் பயமில்லை. புண் ஆறும்வரை அடியில் மரத்தூள் வேண்டாம், வெறும் காகிதம் போடு.

ஞாயிற்றுக்கிழமை வா. உள்ளே வரும் வழியில் அலுவலகத்தில் நின்று, என் இரவு விளக்கை அணைக்கச் சொல். நான் சொன்னால் இங்கே யாருக்கும் காது கேட்பதில்லை, நீ சொன்னால் கேட்கிறது. ஹீட்டரைக் குறைக்கவும் சொல். என் நடைச்சட்டம் கட்டிலிலிருந்து கை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இருட்டில் எழுந்தால் எப்படி எழவேண்டும் என்பதை நான் பழகிக்கொண்டேன். அப்படியும் விழுந்தால் விழுந்தது என்னுடையதாக இருக்கட்டும்.

வரும்போது ஒரு ஸ்க்ரூடிரைவர் கொண்டுவா. ஜன்னல் திருகாணிகளின் தலையைப் பெயிண்ட் மூடியிருக்கிறது, சுரண்ட ஒரு பழைய கத்தியும் வேண்டும். காலீனுக்கு ஞாயிறு விடுமுறை. இருந்தாலும் கோட்டின் உள்பையில் வைத்து எடுத்துவா.

ஜன்னல் கையகலம் திறந்தால் போதும். திறந்தபிறகு நீ பேசு, நான் கேட்கிறேன்.

மெர்ல்