நீ வாய் திறக்காத படம்

என் ராசா, என் ஒரே தம்பி,

அந்தப் பெரிய பாடகியின் இசைப் பயணத்தைப் பின்தொடர்ந்து நீ எடுத்த ஆவணப்படம் இப்போது என் கணினியில் கிடக்கிறது. சேர்ந்து செய்வோம் என்று நீ சொன்ன வெட்டி ஒட்டும் வேலையை நான் தனியே செய்கிறேன். கல்முனை மேடை, திருகோணமலை மேடை, வான் வண்டிக்குள் அவர் தொண்டைக்குக் குடிக்கும் கொத்தமல்லித் தண்ணீர், எல்லாம் இருக்கிறது. நீ மட்டும் இல்லை.

கமராக்காரன் பேசக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது, நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது உன் சட்டம். வீட்டில் உன் வாயை மூட யாராலும் முடிந்ததில்லை. கமராவைத் தூக்கினால் மட்டும் அந்த ஊமைத்தனம் எங்கிருந்து வந்ததடா?

அம்மாவுக்கு உன் குரல் வேண்டும். "வாசல்ல நிண்டு 'வாறன்மா' எண்டு சொல்லுவானே, அத ஒருக்காக் கேட்டாப் போதும் மகள்" என்று சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு இருக்கிறா. உன் கைபேசி உன்னோடு வீதியில் நொறுங்கிப்போனது. ஒரே வீட்டில் இருந்த நமக்குள் குரல் செய்தி அனுப்பும் பழக்கமும் இல்லை. உன் கூட்டாளிமாரிடம் கெஞ்சிப் பார்த்தேன். அவர்களிடம் இருப்பதெல்லாம் நீ எடுத்த படங்கள்தான்.

பித்துப் பிடித்தவள் மாதிரி முழுவதையும் ஹெட்போனில் கேட்டேன். பாட்டைக் குறைத்து, கைதட்டலைக் குறைத்து உன்னைத் தேடினேன். ஒரு இருமல் கிடைத்தது, கொஞ்சம் மூச்சு கிடைத்தது. பேச வாயெடுக்கும் முன்னமே பதிவை நிறுத்திவிடுகிறாய். உன்மேல் வந்த ஆத்திரத்தில் மேசையில் அடித்து அழுதேன்.

கடைசியாக வாகரை. நிகழ்ச்சி முடிந்து, பள்ளிக்கூட வகுப்பறையில் பாடகி சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறார். நிமிர்ந்து நேரே உன்னைப் பார்க்கிறார்.

"தம்பி, சாப்பிட்டியா?"

படம் இடமும் வலமுமாக ஆடுகிறது.

"நாளைக்கும் வருவியா?"

படம் மேலும் கீழுமாக ஆடுகிறது. கமராவைக் கண்ணில் ஒட்டிவைத்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறாய், மடையா. நீ கடைசியாக எடுத்தது அதுதான். அங்கிருந்து செட்டிபாளையத்து வீட்டுக்கு வரும் வழியில், குருக்கள்மடத்தில், குறுக்கே வந்த மாட்டுக்கு விலத்தப்போய் மோட்டார் சைக்கிளோடு விழுந்தாய்.

அம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். ஆடுவது படமில்லை, தம்பியின் தலை என்று சொன்னேன். அம்மா திரையைத் தடவினா.

"வாறன் எண்டுதானே சொல்றான்?"

"ஓம்மா."

"மறுகா ஏன் வரல்ல?"

நான் திரும்பவும் அதே இடத்தைப் போட்டேன். நீயாவது அம்மாவுக்குச் சொல்லடா.

தயாரிப்பாளர் கொழும்பிலிருந்து விடாமல் போன் எடுக்கிறார். படம் ஆடுகிறதாம், பாடகி கமராவைப் பார்க்கிறாராம், அந்த இடத்தை எடுத்துவிடட்டாம், இல்லையென்றால் வேறு ஆளிடம் கொடுப்பாராம். உன் சட்டப்படி அவர் சொல்வது சரி. நீ இருந்தால் நீயே முதலில் வெட்டியிருப்பாய்.

நான் வெட்டமாட்டேன். வேலையே போனாலும், படமே வெளியே வராமல் போனாலும், என் கையால் அது நடக்காது. ஒவ்வொரு நாளும் சோற்றுக் கோப்பையோடு அம்மா வந்து என் பக்கத்தில் இருக்கிறா. "நாளைக்கும் வருவியா?" என்று பாடகி கேட்டு, நீ தலையாட்டிய பிறகுதான் முதல் பிடி வாய்க்குப் போகிறது. நாளைக்கும் போட்டுக் காட்டுவேன், நீயும் தலையாட்டு.

உன் சட்டத்தை மீறிய,
உன் அக்கா