வாத்து நுழைந்த நிலம்

மார்ச் 4, செவ்வாய்

புது மசோதாவின் நகல் இன்று எங்கள் உணவுப் பரிசோதனை லேபில் கைக்குக் கை மாறியது. பச்சையாகச் சாப்பிடும் கீரை விளையும் நிலத்தில் விலங்கோ பறவையோ எப்போதுமே கால் வைக்கக் கூடாது. கழுவும் தண்ணீரை மாதாமாதம் சோதிக்க வேண்டும். பெரிய பண்ணைக்கும் சின்னப் பண்ணைக்கும் ஒரே விதி.

வரவேண்டிய சட்டம்தான். போன வருடம் கீரை சாப்பிட்டுப் படுத்த குழந்தைகளின் சாம்பிள் என் மேஜைக்குத்தான் வந்தது. கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் இன்று கண்ணுக்கே தெரியாத ஒரு கிருமி, நாளைக் காலை குண்டூசித் தலையளவு புள்ளி, அதற்குள் கோடிக்கணக்கில். இன்னமும் அப்படி ஒரு தட்டைத் திறந்து மூடினால் இரண்டு தடவை கை கழுவுகிறேன்.

சாயங்காலம், கீரைப் பண்ணை வைத்திருக்கும் அக்கா போன் செய்தாள்.

"வாத்து இல்லாம நான் எப்படிடா கீரை போடுவேன்? நத்தை ஒரே வாரத்துல மொட்டையடிச்சிரும்."

"மருந்து அடி."

"அடிச்சா நீ வாங்கித் தின்பியா?"



மார்ச் 9, ஞாயிறு

அக்காவின் பண்ணைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன்.

கீரை அறுத்து முடித்த பாத்தியில் வாத்துகளை விட்டிருந்தாள். கலைந்து ஓடும் என்று நினைத்தேன். இல்லை. வரிசை கட்டி, அலகைச் சேற்றில் செருகியபடி, சீப்பு தலைமுடியில் இறங்குவதுபோல் பாத்தியை வாரிக்கொண்டு போயின. பின்னால் போய்க் கிளறிப் பார்த்தேன். ஒரு நத்தை இல்லை. அதன் முட்டைகூட இல்லை. எந்த இயந்திரம் இதைச் செய்யும்?

"மசோதா அப்படியே வந்துச்சுன்னா நிலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு நாங்க டவுன்ல வேலை தேட வேண்டியதுதான்" என்றாள். அழவில்லை. அது இன்னும் மோசம்.

அடுத்த ஞாயிறு இலை, தண்ணீர் எல்லாம் சாம்பிள் எடுக்கிறேன் என்றேன். உண்மை என்னவோ அது தெரியட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டுப் போனது என் தப்பு. பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார் அத்தான். வாத்துகளையும். பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டு.

"லேபுக்குப் போறதுங்க, கொஞ்சம் சுத்தமாப் போகட்டுமேன்னுதான் மாப்பிள்ளை."

"லேபுக்கு வாத்து போகல அத்தான். தண்ணிதான் போகுது."

"அதுலயும் பிளீச்சிங் பவுடர் போட்டுட்டேன்" என்றார் பெருமையாக.

தலையில் அடித்துக்கொண்டேன். இருந்த கிருமியும் செத்திருக்கும், இனி எதைச் சோதிப்பது? அதற்குள் குளத்தில் இறங்கிய வாத்துகள் மிதக்கவில்லை. இறகில் இருந்த எண்ணெய் எல்லாம் சோப்போடு போய்விட்டது. ஈரத்துணி மாதிரி கழுத்துவரை அமிழ்ந்து நடுங்கின. நானும் அத்தானும் பேண்ட்டோடு குளத்தில் குதித்து ஒவ்வொன்றாகத் தூக்கினோம். அக்கா கரையில் நின்று, "ரெண்டு பேரும் படிச்சவங்க மாதிரியே இல்ல" என்றாள். அத்தான் படிக்கவில்லை. அப்போது அது எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

லீவு போட்டேன். வாத்துகளுக்கு வெந்நீர், காய்ந்த வைக்கோல், விளக்கு வெளிச்சம். மேலாளரிடம் காரணம் சொல்லவில்லை. சொன்னால் நம்பவா போகிறார்?

மார்ச் 23, ஞாயிறு

வாத்தின் வாலடியில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. படித்திருக்கிறேன், தேர்வில் எழுதிக்கூட இருக்கிறேன். பார்த்தது இல்லை. ஒரு வாரமாக அவை வேறு வேலையே பார்க்கவில்லையாம். அலகால் அங்கே தொடுவதும் இறகு இறகாகப் பூசுவதும்தான். இன்று மெல்ல ஒன்று குளத்தில் இறங்கியது. தண்ணீர் முதுகில் முத்தாக உருண்டு விழுந்தது. மிதந்தது. அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும்.

இந்த முறை சொல்லாமல் போய், நேராகச் சாம்பிள் எடுத்தேன்.

மார்ச் 26, புதன்

இலை எல்லாம் சுத்தம். வாத்து போன பிறகு உழுது, விதைத்து, வளர்ந்து, அறுப்பதற்குள் மண்ணும் வெயிலும் தங்கள் வேலையைச் செய்துவிடுகின்றன. அழகான ரிசல்ட்.

ஆனால் கழுவும் தொட்டி? மோசம். வாத்து நீந்தும் குளத்துத் தண்ணீரைத்தான் தொட்டியில் நிரப்பியிருக்கிறார்கள். சுத்தமான இலையை எடுத்து அழுக்குத் தண்ணீரில் முக்கி, பையில் போட்டுக் கட்டி— கடவுளே. தின்றவர்களின் சாம்பிள் என் மேஜைக்கு வந்திருக்க வேண்டியது.

போனில் சொன்னேன். "இன்னிக்கே கிணத்துத் தண்ணிக்கு மாத்து. அடுத்த வாரம் மசோதாவுக்காக நடக்குற கருத்துக்கேட்புக் கூட்டத்துல இலை ரிசல்ட்ட மட்டும் சொல்லு. தொட்டியப் பத்தி மூச்சு விடாத."

"ம்" என்றாள்.

ஏப்ரல் 3, வியாழன்

கூட்டம். ஒவ்வொரு விவசாயியாக எழுந்து, எங்கள் நிலம் சுத்தம், எங்கள் தண்ணீர் சுத்தம் என்றார்கள். மசோதாவை ஆராயும் குழுவில் இருந்தவர்கள் கொட்டாவியை விழுங்கினார்கள். அக்காவின் முறை வந்தது.

"எங்க தொட்டித் தண்ணியில கிருமி இருந்துச்சு" என்றாள்.



"என் தம்பி சோதிச்சுச் சொன்னான். அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமலே வித்திருக்கேன். இப்ப மாத்திட்டேன். அதனால தண்ணியச் சோதிங்க, என்னையும் சேர்த்துச் சோதிங்க. ஆனா இலையில ஒண்ணும் இல்ல, அதுக்கும் பேப்பர் இருக்கு. வாத்து நுழைஞ்சுச்சான்னு மட்டும் கேக்காதீங்க. எப்ப நுழைஞ்சுச்சுன்னு கேளுங்க."

உட்கார்ந்தாள். கொட்டாவி நின்றிருந்தது. ஒருவர் அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். சின்ன வயதில் என் மூக்கைத் துடைத்துவிட்டவள் இவள்தானா? பக்கத்தில் உட்காரவே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன், "ஏன் சொன்ன?"

"அதச் சொல்லாம இலையப் பத்தி மட்டும் சொன்னா எவன்டா நம்புவான்?"

ஏப்ரல் 11, வெள்ளி

இரண்டு ஓட்டல்காரர்கள் அக்காவிடம் கீரை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் பேசியது அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

மசோதா போன வாரம் சட்டமாகிவிட்டது. 'எப்போதுமே' என்ற சொல் போய், பறவை நுழைவதற்கும் அறுவடைக்கும் இடையே குறிப்பிட்ட இடைவெளி வேண்டும் என்று வந்திருக்கிறது. தண்ணீர்ச் சோதனை எல்லாருக்கும் உண்டு, விலக்கு கிடையாது. இடைவெளிக்காக அக்கா பாதிப் பாத்திகளைச் சும்மா போட வேண்டியிருக்கிறது. அத்தான் வாரத்தில் பாதி நாள் டவுனில் வேன் ஓட்டுகிறார். ஓட்டல்களில் ஒன்று திரும்ப வந்தது, ஒன்று வரவில்லை. இதற்குப் பெயர் ஜெயிப்பதா? தெரியவில்லை.

இன்று கிணற்றுத் தண்ணீரைச் சாம்பிள் எடுக்கப் போனேன். அக்கா அட்டைப்பெட்டியும் கையுமாக வெறும் பாத்தியில் நின்றாள். பெட்டிக்குள் கீச்கீச்.

"இப்ப எதுக்குக்கா புதுசா?"

"அடுத்த வருஷமும் நத்தை வருமில்ல?"

பெட்டியைச் சாய்த்தாள். மஞ்சள் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எழுந்தன. மண்ணை இதற்குமுன் மிதித்திராத ஒன்று, இரண்டடி வைத்து நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒரு சருகைப் புரட்டி அடியிலிருந்து கடுகளவு நத்தையை எடுத்து விழுங்கியது. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? முட்டைக்குள் எந்த இடத்தில் எழுதியிருந்தது?

திறந்த சாம்பிள் பாட்டிலோடு நான் வாயைப் பிளந்து நின்றிருக்க வேண்டும்.

"பாட்டில மூடுடா" என்றாள் அக்கா. "தூசி விழுந்து ரிசல்ட்டு கெட்டிரப் போகுது."