அகஸ்டாவின் பிறந்த வருடம்

சசெக்ஸ்,
செப்டம்பர் 14, ஞாயிறு.

அன்பு மகள் ரோவீனாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் ஆளுக்கொரு ஜலதோஷத்தோடும் மற்றபடி சௌக்கியமாகவும் இருக்கிறோம், ஹோபார்ட்டில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஐரிஸும் மூக்கு அடைக்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, நாற்பத்தேழு வருட இல்லறத்தில் நான் கண்டிராத ஒரு முடிவை உன் அம்மா எடுத்தாள் என்பதை முதலில் பதிவுசெய்துவிடுகிறேன். நவம்பர் அல்லாத ஒரு மாதத்தில் கொட்டகையின் இடதுபக்கக் கதவையும் திறப்பது என்பதே அந்த முடிவு. வலதுபக்கக் கதவு மட்டும் போதாதா என்று நான் கேட்கவில்லை. இந்த மாதிரி நேரங்களில் கேள்வி கேட்பது என் வேலை இல்லை, கீலுக்கு எண்ணெய் விடுவதுதான் என் வேலை. விட்டேன். கதவு திறந்தது, உள்ளே வெளிச்சம் போனது, அகஸ்டாவின் மேல் வெயில் படுவதைப் பார்த்ததும் உன் அம்மா ஓடிப்போய் ஒரு போர்வை எடுத்து வந்தாள். எனக்குத் தும்மல் என்று காலையிலேயே சொல்லியிருந்தேன். போர்வை காருக்கு.

இத்தனைக்கும் காரணம் ஜூன் மாதம் நீ எழுதிய கடிதம்தான். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு மாற்றியாகிவிட்டது, கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது, கொட்டகையில் கிடக்கும் அந்த மார்ல்டன் காரை விற்றுவிட்டு வொர்த்திங்கில் லிஃப்ட் வைத்த வீடாகப் பார்த்துப் போய்ச் சேருங்கள் என்று எழுதியிருந்தாய். நான் உன் கட்சி என்பதை மறைக்கவில்லை. இரண்டாம் மாடி, கடல் தெரியும் ஜன்னல், ஒழுகாத கூரை என்று ஒரு வீட்டைப் போய்ப் பார்த்தும் வந்தேன். அம்மா உன் கடிதத்தை இரண்டு தடவை படித்து மடித்து வைத்துவிட்டு, "சரி ஆம்ப்ரோஸ், மதிப்பாவது போட்டுப் பாக்கட்டுமே," என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொன்ன இடத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

லண்டனில் ஏலம் நடத்தும் இடத்திலிருந்து பெவெரில் என்று ஒருவர் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தார். முப்பது வயது இருக்கும், கடுகு நிறத்தில் கால்சட்டை. காரின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஓடுகிறதா என்று அவர் கடைசியில்தான் கேட்டார். முதலில் இருக்கையில் எலி கடித்த ஓட்டையின் முன் மண்டியிட்டு, "இது அந்தக் காலத்துத் தோலேதானா சார்?" என்றார். தோல் அந்தக் காலத்தது, எலியைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றேன். பித்தளை விளக்கில் இருக்கும் நசுங்கலைத் தடவிப் பார்த்தார். ஒரு காலத்தில் பச்சையாகவோ நீலமாகவோ இருந்த வண்ணத்தை மோந்தே பார்த்தார். "யாரும் கை வைக்கலையே? புதுசா பெயிண்ட் கியிண்ட் அடிச்சிருந்தா பாதி விலைதான். இந்த மாதிரி மங்கலெல்லாம் இப்ப எங்க கிடைக்குது!" என்று பரவசப்பட்டார். நான் ஒரு வாரம் முதுகு ஒடிந்து வண்ணம் அடித்த கொட்டகைக் கதவுகளை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. இந்தக் கணக்குப்படி எழுபத்தெட்டு வயதில், பெரும்பாலும் சொந்தப் பற்களோடு, எந்தப் பழுதும் நீக்கப்படாத நிலையில் நிற்கும் எனக்கும் நல்ல விலை இருக்க வேண்டும். யாரும் விசாரிக்கவில்லை.

ஆனால் இந்த அழுக்குக்கெல்லாம் மேலே ஒரு விஷயம் இருக்கிறது, அதை நீ அறிவாய், இருந்தாலும் ஐரிஸுக்கு விளக்கிச் சொல்ல உதவும். 1904 டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதிக்குள் பிறந்த காருக்குத்தான் நவம்பர் ஓட்டத்தில் லண்டனிலிருந்து பிரைட்டன் வரை போகும் தகுதி. மறுநாள் பிறந்தது வெறும் பழைய வண்டி. மழையில் நனைந்துகொண்டு, குதிரை வேகத்தில், வழியெல்லாம் ஜனங்கள் கையசைக்க, பாதி நாள் போய்ச் சேரும் அந்த உரிமைக்குத்தான் பணக்காரர்கள் பணம் கொடுக்கிறார்கள், இரும்புக்கு இல்லை. உன் தாத்தா 1958இல் பழைய கார்ச் சங்கத்திடம் வாங்கிய சான்றிதழ் 1904 என்று சொல்லிக்கொண்டு நம் கூடத்துச் சுவரில் தொங்குகிறது அல்லவா, அதைப் படம் எடுத்துக்கொண்டு பெவெரில் ஒரு தாளில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பவுண்டு என்று எழுதினார். ஒரு பேச்சுக்கு 1905 என்று வைத்தால் என்று கேட்டேன். "முப்பதாயிரம். அதுவும் ரெண்டு பேர் வீம்புக்குச் சண்டை போட்டா," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சிரித்தாளா என்று அப்போது கவனிக்கவில்லை.

செய்தி வேலி தாண்டிவிட்டது. பக்கத்து வீட்டு நார்மன் டகெட் தன் 1903ஆம் வருடத்து ஒற்றைச் சிலிண்டர் வண்டியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு வேலியில் சாய்ந்து, "என்ன அம்மணி, அகஸ்டாவுக்கு வரன் வந்திருக்காமே? வயசை மறைக்காம சொல்லிட்டீங்களா?" என்றான். அம்மா முகம் ஒரு நொடி மாறியது, பிறகு, "உன் வண்டிகிட்ட வயசு மட்டும்தான் இருக்கு நார்மன், ஓட்டம் எங்க இருக்கு?" என்று கொடுத்தாள். இந்த ஓட்டம் பந்தயம் இல்லை என்று விதிப்புத்தகம் முதல் பக்கத்திலேயே சொல்கிறது. அந்தப் பக்கத்தை இருவருமே படித்ததில்லை. முப்பத்தெட்டு நவம்பராக அவன் அவளுக்குப் பின்னால்தான் பிரைட்டன் போய்ச் சேர்கிறான், மேட்டில் அகஸ்டாவைத் தள்ளுகிறவன் நான் என்பதால் இதை ஆதாரத்தோடு சொல்ல முடியும்.

வியாழக்கிழமை பெவெரில் மறுபடி வந்தார், ஏலப் புத்தகத்துக்குப் படம் எடுக்க. முகமெல்லாம் சிரிப்பு. ஜெனீவாவில் ஒருவர் ஏலம் வரை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாராம், அவருக்குக் கண்ணாடிக் கூடம் இருக்கிறதாம், வெப்பம் ஏறாமல் இறங்காமல் இருக்குமாம். "ஓட்டுவாரா?" என்று அம்மா கேட்டாள். "நவம்பர்ல ஒரு நாள் மேடம், டிரைவர் வச்சு. மத்த நாளெல்லாம் கூடத்துலதான், தூசி கூட படாது," என்றார் பெவெரில், நல்ல செய்தி சொல்கிற குரலில். அம்மா அடுப்படிக்குப் போனாள். தேநீர் போட்டாள். மூன்று கோப்பைகளை வைத்துவிட்டு, கருவிப் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்து, "மிஸ்டர் பெவெரில், தரைப் பலகையைத் தூக்கிட்டு கியர் பெட்டி மூடியைக் கழட்டுங்க. உள்பக்கம் பாருங்க. எங்கப்பா அம்பத்தெட்டுல பாத்துட்டுத் திரும்ப மூடினது. டார்ச் பிடிச்சது நான்தான்," என்றாள்.

கடுகு நிறக் கால்சட்டை எண்ணெயில் மண்டியிட்டது. மூடியின் உள்பக்கம் வார்ப்பிலேயே, பிப்ரவரி 1905 என்று, நல்ல தெளிவான எழுத்தில் இருந்தது. முப்பது வருடம் நூலகத்தில் புத்தகங்களுக்குத் தேதி முத்திரை குத்திய மனிதன் நான், என் சொந்தக் கொட்டகையில் இருந்த ஒரே முத்திரை என் கண்ணில் படவில்லை. பெவெரில் எழுந்து, கெஞ்சுகிற மாதிரி, "பின்னாடி மாத்தின பெட்டியா இருக்கலாம் மேடம், நிறைய வண்டியில அப்படி இருக்கு," என்றார். "பின் அச்சுலயும் இருக்கு. வண்டிச் சட்டத்துலயும் இருக்கு. காட்டட்டுமா?" என்றாள். பாவம், நேர்மையான பிள்ளை, அதையும் பார்த்தார். பார்த்துவிட்டு எழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "அப்ப ஜெனீவாக்காரர் வாங்க மாட்டாரு, இல்லையா? டீ ஆறுது, குடிங்க," என்றாள் உன் அம்மா. ஏன் இத்தனை வருடமாக என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ கேட்டியா?" என்றாள்.

இதைச் சங்கத்துக்குத் தெரிவிக்கும் கடமை தனக்கு இருக்கிறது என்று பெவெரில் தயங்கித் தயங்கிச் சொன்னார். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று அம்மாவே அன்று மதியம் எழுதிவிட்டாள், முப்பத்தெட்டு நவம்பருக்கும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் வருத்தம் தெரிவித்திருந்தாள், நான் ஒரு காற்புள்ளியைத் திருத்தினேன். நார்மனிடமும் அவளேதான் போய்ச் சொன்னாள். அவன் துடைக்கிற துணியை மடித்து வைத்துவிட்டு, "நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன் அம்மணி," என்றான். "தபால்ல போட்டாச்சு நார்மன்." "அய்யோ, ஏன் போட்டீங்க? நவம்பர்ல நான் யார் பின்னாடி போவேன்?" என்று நிஜமாகவே பதறினான். "ஏன், என் பின்னாடிதான். ரெண்டு மாசக் கணக்குக்காக என்னைப் போய்த் தள்ளிடுவாங்களா? சங்கத்துல பாதிப் பேருக்கு வழியில வண்டி நின்னப்ப சரி பண்ணிக் குடுத்தது யாரு?" என்று கேட்டுவிட்டு வந்தாள். அன்று மாலை பாடிக்கொண்டே மழைக் கோட்டுக்கு இரண்டு பொத்தான் தைத்தாள், பாட்டு அவளுக்கு எப்படி வரும் என்பது உனக்குத் தெரியும். கண்ணாடியும் தோல் தொப்பியும் கூடத்து மேஜையில் தயாராக இருக்கின்றன, நான் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொள்கிறேன்.

ஆகவே வொர்த்திங் வீட்டுக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூரையில் நான்காவது ஒழுகல் ஆரம்பித்திருக்கிறது, அதற்கும் ஒரு வாளி வைத்தாகிவிட்டது. நீ அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், வைட்டமின் மாத்திரையும் இனி அனுப்ப வேண்டாம், சென்ற தடவை அனுப்பியதை அம்மா நார்மனுக்குக் கொடுத்துவிட்டாள். ஐரிஸ் விரல் சூப்புவதை அதட்டி நிறுத்தாதே, நீ ஏழு வயது வரை சூப்பினாய், பல் ஒன்றும் கோணவில்லை. மாப்பிள்ளை ஏணியில் ஏறும்போது கீழே யாராவது பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் மூவருக்கும் நல்ல உறக்கமும் உலர்ந்த கூரையும் என்றும் வாய்க்கட்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். மறந்துவிடாதே, நவம்பர் முதல் ஞாயிறு சாயங்காலம் பிரைட்டனிலிருந்து அம்மா பேசுவாள், உங்களுக்கு அப்போது திங்கள் விடிகாலை, போனை அணைத்து வைக்காமல் தூங்கு.

நனைவதற்குத் தயாராக இருக்கும்
உன் அப்பா,
ஆம்ப்ரோஸ்.

பி.கு. செப்டம்பர் 23. தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் இத்தனை நாள் இங்கேயே இருந்துவிட்டது. இன்று சங்கத்திலிருந்து பதில் வந்தது. சான்றிதழ் 1905 என்று திருத்தப்பட்டிருக்கிறது. நவம்பர் ஓட்டத்துக்கு நாங்கள் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரும் காசோலையும் அதே உறையில் இருந்தது.