அம்மா சீட்டுக்குத் தக்காளிக் கலர்

என் காந்திமதி அக்காவுக்கு,

எங்கே இருந்தாலும் அங்கேயும் யாரையாவது அதட்டிக்கொண்டு நன்றாகவே இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். முத்தியால்பேட்டை வீட்டில் நாங்கள் மூன்று பேரும் நலம். உன் வீட்டுக்காரருக்கு முட்டி வலி. உன் கொழுந்தனாருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, பேசிப் பேசியே தொண்டை வலி. எனக்கு ஒரு குறையும் இல்லை, சண்டை போட ஆள் இல்லாததைத் தவிர.

தலைபோகிற சேதி ஒன்று இருக்கிறது. அந்த அம்மா சீட்டுக்குக் கலர் பூசிவிட்டேன். பதறாதே, முழுசாகப் படி.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் நாம். முப்பது வருஷம் ஒரே அடுப்படி. உப்பு முதல் உலை வரை எல்லாவற்றுக்கும் அடித்துக்கொண்டோம், எதுவும் வாசலைத் தாண்டியதில்லை. ஆனால் இந்தச் சீட்டுச் சண்டை மட்டும் கனகசெட்டிக்குளம் வரைக்கும் போய்விட்டது. எல்லாம் நீ ஆரம்பித்து வைத்ததுதான்.

கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில் நீ சமையல் வேலை பார்த்தாய். அவர்கள் வீட்டில் ஏழு குடும்பச் சீட்டு என்று ஒன்று ஆடுவார்கள். குடும்பத்துக்கு ஆறு பேர்: தாத்தா, ஆயா, அப்பா, அம்மா, பையன், பொண்ணு. மொத்தம் நாற்பத்திரண்டு சீட்டு. எதிரே இருப்பவரிடம் "இந்த வீட்டுல அம்மா இருக்காங்களா?" என்று கேட்க வேண்டும். இருந்தால் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் "பியோஷ்!" என்று சொல்ல வேண்டும், அடுக்கிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக்கொள் என்று அர்த்தம். ஆறு பேரையும் சேர்த்தவர் அந்தக் குடும்பத்தைக் கீழே வைக்கலாம். அத்தனை வருஷத்தில் மதாமிடம் நீ கற்றுக்கொண்ட ஒரே பிரெஞ்சு அந்த "பியோஷ்"தான். சில்லறை இல்லை என்ற பஸ் கண்டக்டரிடமும் அதையே கத்திவிட்டு இறங்கியவள் நீ.

அசல் சீட்டு மதாமின் பேத்தியோடு பிரான்சுக்குப் போய்விட்டது. உனக்குக் கிடைத்தது கருப்பு வெள்ளை ஜெராக்ஸ். வெறும் கோட்டுப் படம். "மொகத்துல ரத்தமே இல்லியேடி இதுங்களுக்கு" என்று ஒரு கலர் பென்சில் டப்பா வாங்கி வந்தாய். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் மூன்று வருஷம் விடவில்லை. மதியம் இரண்டு மணிக்கு அடுப்படியை ஒழித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தால் நான்கு மணி வரை அசைய மாட்டாய். பென்சிலால் பூசி, காது குடையும் பஞ்சைத் தேங்காய் எண்ணெயில் தொட்டு மேலே மெதுவாகத் தேய்ப்பாய். கோடெல்லாம் கரைந்து வழவழவென்று ஆகிவிடும். ஏழு குடும்பத்தின் மேலும் எண்ணெய்க் குளியல் வாசனை இன்னும் அடிக்கிறது.

அந்த டப்பாவில் 'ஸ்கின் கலர்' என்று ஒரு பென்சில் இருந்ததே, ரோஸ் நிறத்தில்? "இந்தத் தோலு நம்ம தெருவுல எவளுக்குடி இருக்குது?" என்று தூக்கி ஓரமாகப் போட்டாய். ஒரு குடும்பத்தை மதாம் வீடாக வைத்து, அதற்கு மட்டும்தான் அதைத் தொட்டாய். மற்ற எல்லாருக்கும் பிரவுன் பென்சில். பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொருவராக நம் சனமாக மாறினார்கள். கூடை வைத்திருந்த பொம்பளை, வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை ஆனாள். ஐந்தாவது குடும்பத்து அம்மா, கனகசெட்டிக்குளத்தில் வாழ்க்கைப்பட்ட நம் நாத்தனார் மங்கை ஆனாள். அவளுக்கு நீ பூசியது பாகற்காய்ப் பச்சைப் புடவை. வாய் கொஞ்சம் திறந்திருந்த படமாகப் பார்த்து அவளுக்கு ஒதுக்கினாயே, அது தற்செயல் என்று இப்போதாவது சொல்லாதே.

இதெல்லாம் சரி. சீட்டு கனமாக இருக்க வேண்டும் என்று பரண்மேல் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஒட்டினாயே, அந்த மூளை யாருக்கு வரும்? ஒன்றின் பின்பக்கம் பிள்ளையார், ஒன்றில் குத்துவிளக்கு, ஒன்றில் மாப்பிள்ளையின் பட்டப்படிப்பு. யார் கையில் எந்தச் சீட்டு இருக்கிறது என்று எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. முதல் நாள் ஆட்டத்தில் நீ கேட்டதெல்லாம் கிடைத்தபோது நான் சண்டைக்கு வந்தேன்.

"பின்னாடி தெரியுதுடி. நான் என்ன கண்ண அவிச்சிக்கவா?" என்றாய்.

நாற்பத்திரண்டையும் பிரித்து மறுபடி ஒட்ட யாருக்குப் பொறுமை? நீயே ஒரு சட்டம் போட்டாய்: தெரிந்தாலும் தெரியாத மாதிரி கேட்க வேண்டும். நடுவில் இரண்டு தப்புச் சீட்டாவது கேட்டுவிட்டுத்தான் சரியான சீட்டைக் கேட்க வேண்டும், அதுதான் மரியாதை. நீ, நான், உன் கொழுந்தனார் மூன்று பேரும் அந்த மரியாதையோடு திருடினோம். மாமா மட்டும், உன் வீட்டுக்காரர், அடுத்தவர் சீட்டின் பின்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். ஃபேனைப் பார்த்துக்கொண்டே கேட்பார். மூன்று வருஷத்தில் ஒரு குடும்பத்தைக்கூட அவர் முழுசாகச் சேர்த்ததில்லை.

நாற்பத்தொரு சீட்டு முடிந்து கடைசியாக மிஞ்சியது ஏழாவது குடும்பத்து அம்மா. அதாவது நம் வீட்டு அம்மா. ஒரு வீடு, இரண்டு மருமகள், ஒரே ஒரு அம்மா சீட்டு.

"மூத்தவ நானு, அது நான்தான்" என்றாய்.

"இந்த வீட்டுக்கு ஒல வைக்கிறவ நானு. நீ மதாம் வீட்டுக்குத்தானே வைக்கிற?" என்றேன்.

நீ சீட்டைத் திருப்பிக் காட்டினாய். அதற்கு ஒட்டியிருந்தது உன் கல்யாணப் பத்திரிகை. மிச்சமிருந்த ஒரே ஒன்று. மூலையில் மஞ்சள் கறைகூட இருந்தது. "பாரு, என் பேரு போட்டிருக்குது."

"பக்கத்துல மாமா பேரும் போட்டிருக்குது. அப்ப மாமாதான் அம்மாவா?"

மாமா ஃபேனைப் பார்த்தார். நீ சிரித்துச் சிரித்து எண்ணெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்தாய். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும்தான். "வெள்ளையாவே கெடக்கட்டும் போ" என்று வைத்துவிட்டோம். அப்படியே கிடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாய். பெரியாஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். ஏழு மாசம் ஆகிறது, அக்கா. இன்றைக்கும் நான்கு தம்ளரில்தான் காப்பி ஊற்றுகிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் மங்கை, சீட்டும் பென்சிலும் வைத்திருந்த அந்த டப்பாவைத் திறந்துவிட்டாள். பாகற்காய்ப் பச்சையில் தன்னையே பார்த்துவிட்டாள். அழுது வீங்கிய கண்ணோடு என்னைப் பார்த்து, "ஏழாவது ஊடு எங்கப்பா ஊடு. கட்டிக்கினு வந்தவளுங்களுக்கு அம்மா சீட்டு, பொறந்தவளுக்குப் பாவக்காயா? அந்தச் சீட்டுல என்னப் பூசு" என்றாள். அப்புறம் வாரம் ஒரு போன். கடைசியில், "ஞாயித்துக்கெழம வரேன். பூசி வையி" என்று கட்டளை.

சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், என்னையே பூசிக்கொள்ளத்தான் நினைத்தேன். என் மெரூன் புடவை, என் கண்ணாடி. கேட்க நீயும் இல்லை, மங்கை வருவதற்கு ஒரு நாள் இருக்கிறது. பிரவுன் பென்சிலை எடுத்தேன். ஆறு குடும்பத்துக்கு முகம் கொடுத்துத் தேய்ந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு நின்றது. முனையில் நீ கடித்த பல் தடம். அதில் ஒரே ஒரு முகத்துக்குத்தான் கலர் மிச்சமிருந்தது.

கடைக்குப் போய்ப் புதுசு வாங்கலாம்தான். போக முடியவில்லை. அழுகை வந்துவிட்டது, அக்கா. உன்னைத் திட்டிக்கொண்டே அந்த மிச்சத்தில் உன் முகத்தைப் பூசினேன். உன் பேர்போன புடவை இருக்கிறதே, கடைக்காரன் ஆரஞ்சு என்றும் நீ சிவப்பு என்றும் சாதித்து, கடைசியில் தக்காளிக் கலர் என்று ராசியானீர்களே, அதே கலர். எண்ணெயும் தேய்த்தேன். செத்தும் ஜெயித்துவிட்டாய் பாவி.

ஞாயிற்றுக்கிழமை மங்கை இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினாள். எதையும் காட்டாமல் ஆட உட்கார வைத்தேன். உன் இடத்தில் அவள். அந்தச் சீட்டு என் கைக்கே வந்தது. எனக்கு எதிரே மாமா. உன் கல்யாணப் பத்திரிகை அவரைப் பார்த்தபடி இருந்தது.

அவர் முறை வந்தது. ஃபேனைப் பார்க்கவில்லை, அக்கா. நேராக என் கையைப் பார்த்தார். தப்புச் சீட்டு இரண்டு கேட்கும் மரியாதையெல்லாம் இல்லை.

"நம்ம ஊட்டுல அம்மா இருக்காங்களா?" என்றார்.

உன் கொழுந்தனார்கூட வாயைத் திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள். எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தார். மங்கையும் எட்டிப் பார்த்தாள். சண்டை வரும் என்று நான் தயாராக இருந்தேன். அவள் முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு, "அண்ணி மாதிரியேதான் இருக்குது" என்றாள்.

மாமா தலையை ஆட்டினார். "பொடவ சரி. மூக்குத்திய வுட்டுட்டியேம்மா."

முப்பது வருஷம் அந்த மூக்குத்தியோடு சண்டை போட்டவள் நான், எப்படி மறந்தேன்? அவரே டப்பாவிலிருந்து மஞ்சள் பென்சிலை எடுத்தார். மூன்று வருஷத்தில் ஒரு பென்சிலைத் தொட்டதில்லை அந்த மனுஷன். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு புள்ளி வைத்தார். கொஞ்சம் பெரிதாகிவிட்டது. இப்போது உன் மூக்கில் ஒரு கடலைப்பருப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிறகு ஆறு சீட்டையும் வரிசையாகக் கீழே வைத்தார். மாமா சேர்த்த முதல் குடும்பம். பின்பக்கம் பார்த்துத்தானே கேட்டீங்க என்று மங்கைகூட கேட்கவில்லை.

உன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன். அந்தக் கடலைப்பருப்பை நான் அழிக்க மாட்டேன். மங்கைக்குப் புதுப் பென்சில் வாங்கி, பாகற்காய்ப் பச்சைக்குமேல் நல்ல அரக்குக் கலர் பூசித் தருகிறேன். இன்னொன்று: இனி எந்த ஆட்டத்திலும் அந்தக் கல்யாணப் பத்திரிகைச் சீட்டு மாமா கையில் இருக்கும்போது, எனக்கு அந்த ஒரு சீட்டுதான் பாக்கி என்றாலும், வேறு எதையாவது கேட்டு "பியோஷ்" வாங்கிக்கொள்வேனே தவிர, அம்மாவைக் கேட்கவே மாட்டேன்.

அம்மா சீட்டை உனக்கே விட்டுக்கொடுத்த,
உன் ஓரகத்தி
வசந்தா