கருவாடு போகும், கம்ப்யூட்டர் வரும்

நேற்று லியோனில் ஒரு கடைக்கு லேப்டாப் வாங்கப் போனேன். பார்வைக்கு வைத்திருந்த ஒன்றில் என் பெயரை அடித்தேன். ஏ விழ வேண்டிய இடத்தில் க்யூ விழுந்தது. எம் அழுத்தினால் காற்புள்ளி வந்தது. பிரான்சு கீபோர்டில் எழுத்துகள் இடம் மாறியிருக்கும் என்பது தெரிந்த விஷயம்தான். ஆபீசில் சண்டை போட்டு நம் ஊர் கீபோர்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டவன் நான். ஆனாலும் திரையில் கோணலாக நின்ற என் பெயரைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. கடைப்பெண் உதவி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டேன்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. உன் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. "அவன் உன்கூடக் கிளம்பறதா இருந்தானா, இல்லியா? நீ சொல்லு தம்பி." ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போதெல்லாம் சுற்றி வளைத்து அங்கேதான் வருவார். நானும் சிக்னல் சரியில்லை, அடுப்பில் பால் இருக்கிறது என்று ஏதாவது சொல்லித் தப்பிப்பேன்.

கல்லூரி லேபில் உன் பக்கத்து நாற்காலி என்னுடையது. கீபோர்டைப் பார்க்காமல் கடகடவென்று அடிப்பாய். நிமிர்ந்து பார்த்தால் திரை முழுக்கக் குப்பை. எம் வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. உன் சித்தப்பா பிரான்சிலிருந்து கொண்டுவந்து போட்ட பழைய லேப்டாப்பில் டைப்பிங் பழகியவன் நீ. லேப் சார் ஒருநாள் பின்னால் வந்து நின்றார்.

"இன்னாப்பா இது, எந்த ஊர் பாஷை?"

"விரல் மட்டும் பிரான்ஸ் போய்ட்டு வந்துடுச்சி சார். நான் இன்னும் போவல."

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டார். நான் உன் கீபோர்டு செட்டிங்கை மாற்றிவிட்டு, "இது ரெண்டு கிளிக்குடா, இதுகூடத் தெரியாதா?" என்றேன். தெரியும் என்றாய். தெரிந்தும் ஏன் மாற்றவில்லை என்று கேட்டதற்கு, டீ குடிக்கப் போகலாம் வா என்றாய். உன்னிடம் எப்போதுமே இந்தத் தொல்லை உண்டு. நேரான கேள்விக்கு நேரான பதில் கிடையாது.

பிறகு இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனியில், இங்கே லியோனில், வேலை அமைந்தது. முத்தியால்பேட்டையில் உங்கள் வீட்டைத் தெருவே 'சொல்தா வீடு' என்றுதான் சொல்லும். நம் ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் உன் தாத்தா அவர்கள் பட்டாளத்துச் சிப்பாய், பிரெஞ்சில் சொல்தா. அவரால் நீ பிறக்கும்போதே பிரெஞ்சுக் குடிமகன், நினைத்த நாளில் விமானம் ஏறலாம். முதலியார்பேட்டைக்காரன் நான் விசாவுக்கு நடையாய் நடந்தேன். சேர்ந்தே போகலாம் என்று நீ டிக்கெட் போடாமல் காத்திருந்தாய். காத்திருக்கிறேன் என்று சொன்னாய், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கடற்கரைச் சாலைச் சுவரில் உட்கார்ந்து அன்றைக்கு அப்படிச் சண்டை போட்டோமே, நினைவிருக்கிறதா?

"லேப்டாப்ப இங்கயே வாங்கிடலாம்டா. அந்தக் கீபோர்ட வெச்சிக்கினு என்னால தடவிக்கிட்டு உக்கார முடியாது," என்றேன்.

"லூசு. எங்க வீட்ல யாராச்சும் இங்கேர்ந்து கம்ப்யூட்டர் தூக்கிக்கினு போயி பாத்திருக்கியா? கருவாடு போவும், கம்ப்யூட்டர் வரும். அதான் எங்க வழக்கம்."

"கேரண்டி அங்க செல்லாதுன்னு சொல்லு, ஒத்துக்கறேன். வழக்கம் அது இதுன்னு சொல்லாத."

"விசாவே வராதவன் கேரண்டி பேசறான் பாரு!"

நீ சொன்னது பொய்யில்லை. உங்கள் உறவில் யார் கிளம்பினாலும் பெட்டி நிறைய மிளகாய்த்தூளும் வடகமும் கருவாடும் போகும். திரும்பி வரும் பெட்டியில் போன், கேமரா, லேப்டாப் வரும். நம் ஊர்க் கடையில் அப்படி ஒரு சாமானை வாங்குகிறவன் ஊரிலேயே இருக்கப்போகிறவன். உன் வீட்டுக் கணக்கு அது. எனக்கு அது முட்டாள்தனமாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு நீ காய்ச்சலில் படுத்தாய். டெங்கு என்றார்கள். வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

காரியம் முடிந்த பிறகு உன் அம்மா ஒரு பெட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். பிரிக்காத புது லேப்டாப். காய்ச்சல் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு டவுனில் நீ வாங்கியதாம். நம் ஊர் கீபோர்டு. "நீ எடுத்துக்கினு போ தம்பி. எனக்கு இத்த வெச்சிக்கினு இன்னா செய்யத் தெரியும்?" என்றார். அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி. அப்பா இல்லாத வீட்டில் ஒரே பிள்ளை நீ. வேலை கிடைத்த அன்று அம்மா அழுதாராம், போகாதே என்றாராம். அந்த அழுகைக்காக நீ மனசை மாற்றிக்கொண்டாயா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? பிழை எங்கே என்று தேடுவதுதான் என் தொழில். தேடிப் பார்த்துவிட்டேன். உங்கள் வழக்கப்படி பார்த்தால், ஊரில் வாங்கிய அன்றே நீ போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாய். இல்லை, கடற்கரையில் நான் சொன்னதை ஏற்றுக்கொண்டு, வெட்கப்பட்டு மறைத்தாய் என்றால் நீ வரத்தான் இருந்தாய். ஆனால் என் பேச்சை என்றைக்கு நீ கேட்டிருக்கிறாய்? ஒருவேளை அது எனக்காகவே வாங்கியதா? உனக்குப் பழகாத கீபோர்டு, எனக்குப் பழகியது. அப்படியென்றால் அது வழியனுப்பும் பரிசா, கூட வருகிறவன் தந்த பரிசா? தலை சுற்றுகிறது. என் கைக்கு வந்தபோது பெட்டி பிரிக்காதது, உள்ளே தேடவும் ஒன்றும் இல்லை.

எந்தப் பதில் உன் அம்மாவைத் தேற்றும் என்பதும் புரியவில்லை. அம்மாவுக்காக ஊரிலேயே இருந்துவிட நினைத்தான் என்று நான் சொன்னால் சந்தோஷப்படுவாரா, இங்கே இருந்ததால்தானே கொசு கடித்தது என்று நினைப்பாரா? கிளம்பத்தான் இருந்தான் என்றால், அழுதும் கேட்கவில்லையே என்று உடைந்துபோவாரா?

இங்கே கொண்டுவந்து இத்தனை நாள் நான் பயன்படுத்திய அந்த லேப்டாப்பின் பேட்டரி போன வாரம் உப்பிக்கொண்டது. அடிப்பக்கம் பிளந்து நிற்கிறது. இனி அதைத் தொடக்கூடாது. அதை இன்று அவரிடம் சொல்லியாக வேண்டும்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய் உன் அம்மாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "போவட்டும், பொருள்தான," என்றார். உடனே அதே கேள்வி. தேற்றுகிற மாதிரி ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். வாயில் வரவில்லை.

"தெரியலம்மா. அவன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"உங்கிட்டயுமா?"

"சத்தியமா சொல்லலம்மா. லேப்டாப் வாங்கினதே நீங்க சொல்லித்தான் தெரியும்."

 

"எனக்கு மட்டுந்தான் சொல்லலன்னு இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன் தம்பி," என்றார். "உனக்குத் தெரியும், எங்கிட்ட மறைக்கிறேன்னு."

மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம் திடீரென்று உன்னைத் திட்ட ஆரம்பித்தார். அமுக்குணி, கல்லுளிமங்கன், அப்பனைக் கொண்டு பிறந்தவன். நானும் சேர்ந்துகொண்டேன். வெகுநேரம் திட்டினோம். அவர் சிரித்ததை நீ போன பிறகு இன்றுதான் கேட்டேன்.

பதில் கிடைக்காத ஒன்று எப்படி அவரை லேசாக்கியது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததை விட்டுவைப்பது என் வழக்கமில்லை. இதை விட்டுவைக்கிறேன். அடுத்த ஞாயிறு அவர் மறுபடி கேட்பார். தெரியலம்மா என்பேன். அப்புறம் இரண்டு பேரும் உன்னைத் திட்டுவோம்.