அதுவும் கைதான்

மார்ச் 4
வார்டு நர்ஸுகளுக்கு மறுவாழ்வுப் பயிற்சியில் இன்று நான் எடுத்த இரண்டாம் வகுப்பு. பக்கவாதம் வந்தவர் சட்டை போடும்போது விழுந்த கை முதலில், நல்ல கை பிறகு. தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். மதியம் பார்த்தால், நர்ஸ் ஜிஃபா நோயாளி க்லுட்சே ஐயாவுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள்!

"வலது கை போயிடுச்சேக்கா. இடது கையால சாப்பிடுங்கன்னு அந்த வயசு மனுஷன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?"

எனக்குக் கோபம். வீட்டில் அவருக்கு ஊட்ட யார் இருக்கிறார்கள்? மனைவி போய்விட்டாள், பிள்ளைகள் அக்ராவில். தானாகச் சாப்பிடாவிட்டால் பட்டினிதான்.

மார்ச் 7
ஊட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஐயா இடது கையால் அக்ப்லே களியை உருட்டினார். ஏதோ முனகினார். என்னையே பார்த்தார். களியைத் தட்டில் போட்டுவிட்டார். இரண்டு வேளையும் அப்படியே. 'பேச்சு குழறுகிறது' என்று நோட்டில் எழுதினேன்.

மார்ச் 8
இன்றும் அவருக்கு ஒரு வாய் இறங்கவில்லை. நான் என்ன ராட்சசியா?

மார்ச் 9
ஜிஃபாதான் கண்டுபிடித்தாள். "இடது கைக்கு மன்னிக்கணும்" என்று கேட்கிறாராம் மனுஷர். உப்பை இடது கையால் நீட்டினாலே நம் ஊரில் கேட்பதுதானே? எதிரே இருப்பவர் "அதுவும் கைதான்" என்று சொல்ல வேண்டும். நான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள்! வெட்கமாகிவிட்டது.

மதியம் பக்கத்தில் உட்கார்ந்தேன். முனகினார். "அதுவும் கைதான் ஐயா" என்றேன். வெண்டைக்காய்க் குழம்பு தாடையில் வழிய வழியத் தட்டைக் காலி செய்தார்.

"உனக்குக் காது கேக்காதுன்னுல்ல நெனச்சேன்!" என்றார், மெல்ல மெல்ல. ஜிஃபா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மார்ச் 19
நாளை வீட்டுக்குப் போகிறார். "அங்க யாரும்மா பதில் சொல்லுவாங்க?" என்றார். "நான் போன் பண்றேங்கய்யா" — வாயில் வந்துவிட்டது.

மார்ச் 27
தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனில் அவர் கேட்கிறார், நான் சொல்கிறேன். நானும் என் தட்டை வைத்துக்கொள்கிறேன். என் வீட்டில் இன்னொருவர் மெல்லும் சத்தம் கேட்டு ஆறு வருஷம்.

ஏப்ரல் 9
போனை எடுத்ததுமே மெல்லும் சத்தம்.

"என்னங்கய்யா, மன்னிப்பு கேக்கவே இல்ல?"

"எதுக்குக் கேக்கணும்? என் கைதானே!" பிறகு கொஞ்சம் தயங்கி, "உனக்கும் புருஷன், புள்ளைங்க காத்துக்கிட்டிருப்பாங்க. இனிமே என்னைப் பத்திக் கவலப்படாத. போய்ச் சாப்பிடும்மா" என்றார்.

"சரிங்கய்யா" என்றேன்.

நல்ல செய்தி. நாளை நர்ஸுகளிடம் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 10
ஏழு மணிக்குத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வாய் இறங்கவில்லை.