கம்மரிபேட்டையில் மரம் நட்டது பற்றி

அனுப்புநர்
தாடிபோயின நாகமல்லேஸ்வரி,
ஜவுளிக்கடை விற்பனையாளர்,
மூன்றாவது சந்து, கம்மரிபேட்டை,
விஜயவாடா.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
பசுமை ஆய்வு நிதிப் பிரிவு,
மாநில நகர்நல வாரியம்.

பொருள்: கம்மரிபேட்டை காலி இடத்தில் குடியிருப்போர் நட்ட மரங்களை அகற்றும் உத்தரவை ஏற்க மறுப்பதும், நிறுத்தப்பட்ட ஆய்வு நிதியைத் தொடரக் கோருவதும் தொடர்பாக.

பார்வை: எங்கள் சந்தின் மின்கம்பத்தில் தங்கள் அலுவலகம் ஒட்டிய அறிவிப்பு.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. மேற்படி அறிவிப்பில் எங்கள் பேட்டை 'கெடுக்கப்பட்ட ஒப்பீட்டுப் பகுதி' என்று குறிப்பிடப்பட்டுள்ளது. அதைப் படித்த பிறகே இம்மனுவை எழுதுகிறேன். எங்கள் பேட்டையில் கெட்டது எது, கெடுத்தவர் யார் என்பதைத் தாங்கள் முழுமையாகத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்பதே என் நோக்கம்.

2. நகரத்து மரங்களும் பூங்காக்களும் மக்களுக்கு என்ன நன்மை செய்கின்றன என்று கண்டறிய, தங்கள் வாரியத்தின் நிதியில் பேராசிரியர் யார்லகட்டா மாதுரி அவர்கள் ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஆய்வுப் பணியாளரான ஹைமா என்ற பெண் எங்கள் வீடுகளுக்கு வந்து இரத்த அழுத்தம் பார்த்தார். தூக்கம் வருகிறதா, மாலையில் வெளியே உட்காருகிறீர்களா, பக்கத்து வீட்டாருடன் பேசுகிறீர்களா என்றெல்லாம் கேட்டார். எங்கள் சந்தின் முனையில் வாரியத்துக்குச் சொந்தமான காலி இடம் ஒன்று உண்டு. இடித்த கட்டடங்களின் கழிவு அங்கே ஆள் உயரத்துக்குக் கிடந்தது. இவ்வளவு கேட்கிறார்களே, விரைவில் அதை எடுத்துவிட்டு ஏதாவது செய்வார்கள் என்று நம்பினோம். நம்பியதால்தான் ஒரு கேள்வியையும் தட்டிக்கழிக்காமல் பதில் சொன்னோம்.

3. என் கணவரின் தங்கை சுபத்ராவை மல்லெலபேட்டையில் கொடுத்திருக்கிறோம். அங்கும் ஹைமா போய் இதே கேள்விகளைக் கேட்டார். ஆனால் அங்கிருந்த காலி இடம் சுத்தம் செய்யப்பட்டு, வேம்பும் புங்கையும் நடப்பட்டு, பெஞ்சு போடப்பட்டு, லாரியில் தண்ணீரும் வந்தது. சுபத்ரா பண்டிகைக்கு வந்தபோது, "எங்க பேட்டைக்கு வந்து கொஞ்சம் காத்து வாங்கிட்டுப் போ அண்ணி. உங்க ஊர்ல அதையும் கடன் வாங்கணும் போலிருக்கே" என்று கேலி செய்தாள். அடுத்த முறை ஹைமா வந்ததும் வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். அந்தப் பெண் தலை குனிந்துகொண்டு சொன்னதை அப்படியே தருகிறேன்:

"நீங்க ஒப்பீடு அக்கா."

"ஒப்பீடுன்னா?"

"அவங்களுக்கு எவ்வளவு நல்லது நடந்துச்சுன்னு காட்டணும்னா, நல்லது நடக்காத இடம் ஒண்ணு வேணும்ல."

ஹைமா பொய் சொல்லாத பெண். ஆய்வு முடிந்த பிறகு எங்களுக்கும் மரம் உண்டா என்று கேட்டதற்கு, அது தனக்குத் தெரியாது என்றார். பேராசிரியரிடம் கேட்டோம். திட்டத்தில் அப்படி எழுதப்படவில்லை என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

4. பிறகு, எங்கள் சொந்தச் செலவிலேயே கழிவை அகற்றிக்கொள்ள அனுமதி கேட்டுத் தங்கள் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தோம். ஆய்வு முடியும்வரை அவ்விடத்தில் எவ்வித மாற்றமும் செய்யக் கூடாது என்று பதில் வந்தது. மரம் தராமல் இருந்தது ஒன்று. நாங்களாக நிழல் தேடிக்கொள்வதையும் தடுத்தது வேறொன்று. இந்த இரண்டாவதை நான் எந்த வகையிலும் ஏற்க இயலவில்லை என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

5. அந்தக் கோடையில் என் கணவர் சாம்பசிவ ராவ் இறந்துபோனார். ஆட்டோ நகரில் லாரிகளுக்கு வண்ணம் பூசுபவர். அன்று உடம்பு சரியில்லை என்று வேலைக்குப் போகவில்லை. நான் கடையில் இருந்தேன். மதியம் மின்சாரம் நின்றிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு ஓட்டுக்கூரை கிடையாது, சிமெண்ட் தகடு. உள்ளே இருக்க முடியாமல் வெளியே வந்தவர் சந்து முழுக்க நடந்து பார்த்திருக்கிறார். உட்கார ஒரு நிழல் அகப்படவில்லை. கழிவு மேட்டின் ஓரமாக, உடைந்த தூண் ஒன்றின் கீழே ஒரு முழம் அளவுக்கு விழுந்த நிழலில் தலையை மட்டும் வைத்துப் படுத்திருந்தவரைத்தான் அக்கம்பக்கத்தார் தூக்கிக்கொண்டு போனார்கள். மருத்துவமனையில் வெயில் தாக்கம் என்றார்கள்.

ஒரு மரம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் வாதாடவில்லை. அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் தாங்கள் ஆய்வு நடத்துகிறீர்கள்.

6. காரியம் முடிந்த சில நாள்களில் ஹைமா வந்து, வழக்கம்போல "வீட்ல எத்தனை பேர் அக்கா?" என்று முதல் கேள்வியைக் கேட்டார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு அவர் பேனாவை மூடிவிட்டார்.

மறுநாள் காலை நான் கடைக்குப் போகவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தக் காலி இடத்துக்குப் போனேன்.

7. அதன் பிறகு நடந்தவை தங்கள் கோப்பில் 'விதிமீறல்' என்ற ஒரே சொல்லில் அடங்கியிருப்பதால் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. நான் தனியாகக் கல் பொறுக்குவதைப் பார்த்து முதலில் வந்தவர் மிளகாய் பஜ்ஜி வண்டி வைத்திருக்கும் குர்ஷீத் பேகம். வா என்று நான் அழைக்கவில்லை. "நீ பெரிய கல்லைத் தொடாதே, இடுப்பு போயிடும்" என்று திட்டிக்கொண்டே அவர் புடவையைச் செருகினார். பிறகு என் கணவருடன் வேலை செய்தவர்கள் லாரி கொண்டுவந்து கழிவை ஏற்றிப் போனார்கள். புங்கை, நாவல், பாதாம் என்று கிடைத்த கன்றுகளை நட்டோம். அவை வளரும்வரை பொறுக்க மனமில்லாமல் மூங்கில் பந்தல் போட்டுச் சுரைக்கொடியும் அவரையும் ஏற்றினோம். மழைக்காலம் முடிவதற்குள் பந்தல் மூடிவிட்டது.

குர்ஷீத் பேகமும் எதிர்வீட்டு அப்பலநரசம்மாவும் சாக்கடைத் தண்ணீர்த் தகராறில் ஆண்டுக்கணக்காகப் பேசாதிருந்தவர்கள். ஒரு நாள் நரசம்மா பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்து குர்ஷீத் நட்ட கன்றுக்கு ஊற்றினார். எல்லாரும் சண்டை வரும் என்று பார்த்திருந்தோம்.

"என்ன பாக்குற? உன் வாசலுக்கு வந்தாதானே வேணாம்ன. மரத்துக்கு வந்தா என்ன?" என்றார் நரசம்மா.

"சோப்புத் தண்ணிய ஊத்திட்டுப் பேச்சைப் பாரு. வேரு வெந்து போகும். அரிசி கழுவின தண்ணி கொண்டா" என்றார் குர்ஷீத்.

அன்று முதல் இருவரும் தினமும் சண்டையிடுகிறார்கள், அதாவது பேசுகிறார்கள். 'பக்கத்து வீட்டாருடன் பேசுகிறீர்களா' என்ற கேள்விக்கு எங்கள் சந்தின் பதில் மாறியது இப்படித்தான். இதைத் தாங்கள் ஆய்வின் பயன் என்று எழுதியிருக்கலாம். கெட்டுப்போனது என்று எழுதியிருக்கிறீர்கள்.

8. தங்கள் மதிப்பீட்டு அலுவலர் திரு. சத்யப்பிரசாத் நேரில் வந்து பந்தலின் கீழே நின்றபடியே என்னிடம், "ஏம்மா, இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்திருந்தா ஆய்வு முடிஞ்சிருக்குமே. எல்லாத்தையும் கெடுத்து வச்சிட்டீங்களே" என்றார். "ரெண்டு வருஷம் பொறுக்கணும்னு எங்க வீட்டுக்காரர்கிட்டயும் யாராவது சொல்லியிருக்கலாம் சார்" என்றேன். அவர் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்ததுதான் பார்வையில் கண்ட அறிவிப்பு: மரங்களை அகற்றி இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையேல் இரு பேட்டைகளிலும் ஆய்வு நிதி நிறுத்தப்படும்.

பழைய நிலை என்றால் கழிவைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டுவதா என்பதை அறிவிப்பு தெளிவாக்கவில்லை.

9. நாங்கள் அகற்றவில்லை. நிதி நின்றது. ஹைமாவின் வேலையும் போனது. மல்லெலபேட்டைக்குத் தண்ணீர் லாரி வருவதும் நின்றது. சுபத்ரா தொலைபேசியில், "உங்களால எங்க மரமும் காயுது அண்ணி. இங்க எல்லாரும் என்னைத்தான் பேசுறாங்க" என்று அழுதாள். இரண்டு பேட்டைகளையும் மோதவிடுவதே நோக்கமாக இருந்திருந்தால் அது ஒரு வாரம் பலித்தது என்று சொல்லலாம். மறு வாரம் சுபத்ராவே அங்குள்ள பெண்களை அழைத்துக்கொண்டு வந்து, எங்கள் பந்தலில் உட்கார்ந்து பேசிவிட்டு, இம்மனுவில் கையெழுத்திடச் சம்மதித்தாள்.

மரங்களை அகற்ற மண் அள்ளும் இயந்திரம் வந்த அன்று நாங்கள் கன்றுகளுக்கு நடுவே கட்டில்களைப் போட்டு அமர்ந்திருந்தோம். யாரும் கையை ஓங்கவில்லை, கூச்சலும் இல்லை. இயந்திரத்தை ஓட்டி வந்தவர் மதியம்வரை காத்திருந்து, பந்தலில் உட்கார்ந்து கோங்குரா சட்னியும் சோறும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

10. நாங்கள் ஆய்வுக்கு எதிரிகள் அல்ல. பேராசிரியர் மாதுரி அவர்கள், "உங்க மேல தப்பில்லம்மா, என் உழைப்புதான் போச்சு" என்று சொன்னபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. நிழல் இல்லாத தெருவில் மனிதர் எப்படி வாழ்கிறார், எப்படிச் சாகிறார் என்பதை யாரேனும் முறையாக எழுதி வைத்தால்தான் அடுத்த பேட்டைக்காவது அரசு மரம் வைக்கும் என்பதை நான் அறிவேன். ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

நிறுத்திய நிதியை உடனே விடுவித்து, இரு பேட்டைகளிலும் ஆய்வைத் தொடர வேண்டும். கொடுத்தபோது என்ன நடந்தது என்று மல்லெலபேட்டையிலும், மறுத்தபோது மக்கள் என்ன செய்தார்கள் என்று கம்மரிபேட்டையிலும் ஆராய வேண்டும். இனி எந்தப் பகுதியையும் ஒப்பீட்டுக்கு வைக்கும் முன் அங்குள்ளவர்களிடம் அதைச் சொல்ல வேண்டும், ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கும் மரம் உண்டு என்று எழுதித் தர வேண்டும். ஹைமாவின் வேலையைத் திரும்ப அளிக்க வேண்டும். 'கெடுக்கப்பட்ட' என்ற சொல்லைக் கோப்பிலிருந்து நீக்க வேண்டும்.

இவை வேண்டுகோள்கள். அடுத்தது வேண்டுகோள் அல்ல, தகவல்: மரங்களை நாங்கள் அகற்றப் போவதில்லை. மீண்டும் இயந்திரம் அனுப்பினால் மீண்டும் கட்டில் போடுவோம்.

11. முடிவெடுக்கும் முன் தாங்கள் ஒரு முறை நேரில் வர வேண்டும். மே மாதத்தில், மதிய வேளையில், குடை இல்லாமல் வாருங்கள். என் வீட்டு வாசலிலிருந்து சந்து முழுக்க நடந்து பாருங்கள். எங்கே நிற்க முடிகிறதோ அங்கே நின்று, இந்த மரங்களை வெட்டும் உத்தரவில் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
தாடிபோயின நாகமல்லேஸ்வரி
(கம்மரிபேட்டை, மல்லெலபேட்டை குடியிருப்போருக்காக)

இடம்: கம்மரிபேட்டை, விஜயவாடா
நாள்: ஏப்ரல் 9

இணைப்பு: இரு பேட்டைப் பெண்களின் கையெழுத்துகள். குர்ஷீத் பேகமும் அப்பலநரசம்மாவும் ஒரே வரியில் இட்டிருக்கிறார்கள்.